60,000 ரூபாயும் ஓர் ஊர் நூலகமும்: முதலில் எதில் கை வைப்பது?

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கமாகத் தருகிறேன். மொரீசியஸில் ஃபிளாக் மாவட்டத்துக் கிராமம் ஒன்று. ஊர் மண்டபத்தை ஒட்டிய ஒரே அறைதான் நூலகம். இரும்பு அலமாரிகளில் துரு, சுவரில் பூஞ்சை, கதவைத் திறந்தால் ஒரு புழுங்கிய வாடை, நான்கு டியூப் லைட்டில் இரண்டு எரிவதில்லை. பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. ஊர்க்காரர்கள் சேர்ந்து 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். அதை வைத்துப் புது அலமாரி வாங்குவதா, பெயிண்ட் அடித்துச் சுவரில் ஓவியம் வரைவதா, கம்ப்யூட்டர் வைப்பதா, புதுப் புத்தகம் வாங்குவதா என்பது கேள்வி.

இந்தத் தீவில் மேட்டுநிலத்திலும் கடலோரத்திலும் சின்ன நூலகங்களில் வேலை பார்த்தவன் என்பதால் நேராகவே சொல்கிறேன். இந்த நான்கில் எதையும் முதலில் தொடாதீர்கள். கழிக்கவேண்டிய பழைய புத்தகங்களைக் கழியுங்கள், அடுத்து அறையைக் காய வையுங்கள், மூன்றாவது வெளிச்சம். இந்த மூன்றும் முடிந்து அந்த அறையைப் பார்த்தால், வாங்க நினைத்ததில் பாதி தேவையே இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். காசு குறைவாக இருக்கும் இடத்தில் எதைச் செய்கிறோம் என்பதைவிட எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். ஈரச்சுவரில் அடித்த பெயிண்ட் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. பூஞ்சை அறையில் அடுக்கிய புதுப் புத்தகமும் அப்படித்தான்.

சரி, கழிப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு சின்ன நூலகத்தைப் பாழடைந்ததாகக் காட்டுவதில் முதல் பங்கு செத்துப்போன புத்தகங்களுக்குத்தான். நீங்கள் அலமாரியை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்றாலும் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். தொடக்கப் பள்ளி முடிவில் எழுதிய சி.பி.ஈ. தேர்வுக்கான பழைய வழிகாட்டிகள் ஒரு தட்டு இருக்கும். அந்தத் தேர்வு போய் 2017ல் பி.எஸ்.ஏ.சி. வந்துவிட்டது, ஆனால் புத்தகம் அங்கேயே இருக்கும். சோவியத் யூனியன் முழுசாக இருக்கும் உலக வரைபடம், யாருடைய வீட்டைக் காலி செய்தபோதோ வந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் முதல் நான்கு பாகம் மட்டும், 90களின் கம்ப்யூட்டர் பாடநூல், ஒரே நாவலின் ஆறு பிரதி. இவற்றுக்கு நடுவே நல்ல புத்தகங்களும் இருக்கின்றன, ஆனால் அவை யார் கண்ணிலும் படுவதில்லை, ஏனென்றால் தட்டு விளிம்புவரை இறுக்கி அடைத்திருக்கிறது.

நூலக இயலுக்கு ஐந்து விதி எழுதிய ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர், 1892ல் பிறந்தவர். அவர் 1931ல் எழுதிய முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. உயிர் என்றால் வளர்வதோடு உதிர்ப்பதும் உண்டு. எதைக் கழிப்பது என்ற கணக்கு எளிது: கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் யாரும் எடுக்காதது, தகவல் தப்பாகிப்போனது, பூஞ்சை உள்பக்கம்வரை போனது, பக்கம் உதிர்வது, ஒரே புத்தகத்தின் மூன்றாவது பிரதி முதல் எல்லாம். மருத்துவம், சட்டம், தேர்வு சம்பந்தப்பட்டவற்றில் கொஞ்சமும் தயங்கவேண்டாம், தப்பான மருத்துவத் தகவல் தட்டில் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல். கதைப் புத்தகங்களில் கொஞ்சம் பொறுமை காட்டலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை நான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல விரும்புகிறேன். நம் ஊர் நூலகங்களின் தமிழ் அலமாரியில், ஈரத்தில் ஒட்டிப்போய்க் குப்பை மாதிரி கிடப்பவற்றில் சில, உலகத்தில் வேறு எங்கும் இல்லாதவையாக இருக்கலாம். கோயில் கும்பாபிஷேக மலர், காவடி விழாவுக்கு அச்சடித்த பாட்டுப் புத்தகம், தமிழ் லீக் என்ற சங்கம் எதுவோ ஆண்டுவிழாவுக்குப் போட்ட மலர், பழைய தமிழ் வகுப்பு வாத்தியார் கையால் எழுதிய நோட்டு. இவை நூறு இருநூறு பிரதிதான் அச்சாகியிருக்கும். பார்க்கிறவருக்கு அழுக்கு, ஆனால் இந்தத் தீவுத் தமிழர் என்ன பாடினார்கள், யார் காணிக்கை கொடுத்தார்கள், எந்தக் கோயிலில் எந்த ஆண்டு தேர் ஓடியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மொரீசியஸில் அச்சான எதையும் கழிவுப் பெட்டியில் போடுவதற்குமுன் தனியாக எடுத்து வையுங்கள். போர்ட் லூயியில் இருக்கும் தேசிய நூலகத்துக்கும் மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்துக்கும் ஒரு பட்டியல் அனுப்பி, உங்களிடம் இது இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களிடம் இல்லையென்றால் அங்கே போகட்டும், நல்ல போட்டோ பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைப்பதற்குக் காசே ஆகாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் சொன்னால் ஒரு சனிக்கிழமையில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

கழித்ததை நேரே குப்பை வண்டியில் ஏற்றவும் கூடாது. ஊர் மன்ற நூலகம் என்றால் ஒவ்வொரு புத்தகமும் சொத்துப் பதிவேட்டில் இருக்கும். அதை நீக்க போர்டு ஆஃப் சர்வே என்று ஒரு குழு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். நல்ல எண்ணத்தில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆண்டு தணிக்கையில் பதில் சொல்ல முடியாமல் நூலக உதவியாளர் மாட்டிக்கொள்வார். பதிவேட்டு எண், தலைப்பு, கழிக்கும் காரணம் என்று மூன்று பத்தியில் பட்டியல் போட்டு, மாவட்ட மன்றத்துக்கு அனுப்புங்கள். அனுமதி வரும்வரை அவற்றைப் பெட்டியில் கட்டித் தட்டிலிருந்து இறக்கி வைக்கத் தடையில்லை, அறை அன்றைக்கே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது ஈரம். இதில்தான் உங்கள் பணத்தில் பெரிய பங்கு போகவேண்டும். ஃபிளாக் தீவின் கிழக்குப் பக்கம். தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று கடல் ஈரத்தை நேராக உங்கள்மேல்தான் கொண்டுவந்து கொட்டுகிறது, மேற்குக் கரை மாதிரி அங்கே காய்வதில்லை. அதனால் முதலில் தென்கிழக்குச் சுவரைப் பாருங்கள். மழை அடித்த மறுநாள் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும். அப்புறம் கூரை. தட்டைக் கான்கிரீட் கூரை என்றால் மேலே ஏறிப் பாருங்கள், பத்தில் ஏழு எட்டு இடங்களில் தண்ணீர் போகும் வாயை இலையும் பறவைக்கூடும் அடைத்திருக்கும், அதை எடுத்துவிட்டாலே பாதிக் கசிவு நின்றுவிடும். பிறகும் உள்ளே பழுப்பு வட்டம் விரிந்துகொண்டே போனால் மேலே நீர்த்தடுப்புப் பூச்சு போட்டே ஆகவேண்டும். கட்டடம் ஊர் மன்றத்துடையது என்றால் கூரைச் செலவு அவர்களுடையது. உங்கள் 60,000ஐ அதில் விடாதீர்கள், கசிவின் படங்களோடு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்குங்கள், மலிவானதே போதும். 60 சதவிகிதத்துக்குக் கீழே பூஞ்சை பெரும்பாலும் வளராது, 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வளராமல் இருக்காது. நம் தீவில் கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்த அறையில் 75, 80 என்று காட்டுவது சாதாரணம், அதை நீங்கள் முழுசாக வெல்ல முடியாது. ஆனால் நின்றுபோன காற்றை நகர்த்த முடியும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம், அதாவது 7, 8 செ.மீ. முன்னே இழுத்து வையுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட பீரோ இருந்தால் கதவைக் கழற்றுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்த புத்தகத்தில்தான் பூஞ்சை அதிகம் பிடிக்கிறது, பாதுகாப்புக்குப் போட்ட கதவே பகையாகிவிடுகிறது. எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறக்கிற நிலையில் இருக்கட்டும், பெயிண்டால் ஒட்டிப்போயிருந்தால் கத்தியால் கீறித் திறந்துவிடுங்கள். இரண்டு மின்விசிறி. ஏ.சி. வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் ஏ.சி., குளிர்ந்த புத்தகத்தின்மேல் இரவின் ஈரக்காற்றைப் படியவைக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்ட நமக்குக் காசில்லை. ஈரம் உறிஞ்சும் மெஷினும் ஜன்னல் மூடிய அறைக்குத்தான், திறந்த அறையில் அதை வைப்பது வீண்.

சுவர்ப் பூஞ்சையைக் கழுவும் முறை: ஒரு பங்கு ஜாவெல் (ப்ளீச் திரவம்), நாலைந்து பங்கு தண்ணீர். கையுறை, முகமூடி, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கவேண்டும். அதோடு வினிகரோ கழிப்பறை கழுவும் ஆசிடோ அமோனியா கலந்த எதுவோ சேர்க்கவே கூடாது, வரும் புகை நுரையீரலைக் கெடுக்கும். தடவிக் கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவி, முழுசாகக் காயவிடுங்கள். வாரக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். அதன்பின் பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த வெளிர்நிறப் பெயிண்ட். கூரைக்கு வெள்ளை, சுவருக்கு வெண்மை கலந்த ஏதாவது ஒரு இளம்நிறம், அவ்வளவுதான். பூஞ்சையின்மேலேயே பெயிண்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அது ஆறு மாதத்தில் கருப்பாகத் திரும்பி எட்டிப் பார்க்கும்.

புத்தகத்தில் இருக்கும் பூஞ்சைக்கு ஈரத்துணி ஆகாது. வெளியே, நிழலில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முகமூடி போட்டு, உலர்ந்த மென்மையான பிரஷால் புத்தகத்தின் முதுகுப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். உச்சிவெயிலில் பரப்பினால் அட்டை வளைந்துகொள்ளும். இராமபாணப் பூச்சியோ வண்டோ அரித்த புத்தகம் முக்கியமானது என்றால் பாலித்தீன் பையில் காற்றுப்போகாமல் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக்கூடாது, அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒருநாள் விடவேண்டும், இல்லையென்றால் நீர் முத்துமுத்தாகப் படிந்துவிடும். மருந்து அடிப்பதைவிட இது நல்ல வழி, பிள்ளைகள் கைபடும் புத்தகம் அல்லவா.

துருப்பிடித்த இரும்பு அலமாரியைத் தூக்கிப்போட வேண்டாம். கம்பி பிரஷால் சுரண்டி, துருத் தடுப்பு பிரைமர் ஒரு கோட்டு, மேலே எனாமல் இரண்டு கோட்டு. இரும்பில் ஓட்டை விழுந்திருந்தால் மட்டுமே அது போகட்டும். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: பளபளப்பான பெயிண்ட் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், ஆனால் புத்தகத்தை வைத்தால் சில நாளில் அட்டை ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழியும். பெயிண்ட் அடித்தபின் குறைந்தது இரண்டு வாரம் தட்டு சும்மா கிடக்கட்டும். புதிதாக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் மரத்தூள் அழுத்திய பலகை வேண்டாம், நம் ஈரத்தில் அது உப்பிப்போகும். 18 மி.மீ. பிளைவுட், ஒரு தட்டின் நீளம் 80 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒரு மீட்டர் புத்தகம் 25, 30 கிலோ சாதாரணமாக வரும், நீளமான தட்டு நடுவில் தொய்ந்துவிடும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். பழைய 36 வாட் டியூப்பின் இடத்தில் 18 வாட் எல்.இ.டி. டியூப் போட்டால் அதே வெளிச்சம், பாதி மின்சாரம். சோக்கைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கவேண்டியிருக்கும், அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே கை வைக்கவேண்டாம். நிறம் 4000 கெல்வின் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள், 6500 என்றிருக்கும் நீலவெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிவிடும். இதைவிட முக்கியம், விளக்கு எங்கே தொங்குகிறது என்பது. பெரும்பாலான இடங்களில் அலமாரியின் தலைக்குமேல் விளக்கு எரிகிறது, தூசியைத்தான் அது காட்டுகிறது, கீழ்த்தட்டு இருட்டு. விளக்கு வரிசை இரண்டு அலமாரிக்கு நடுவே இருக்கும் நடைபாதையோடு ஓடவேண்டும். விளக்கை நகர்த்துவது செலவு என்றால் அலமாரியை நகர்த்துங்கள், அது இலவசம்.

பகல் வெளிச்சத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வடகோளத்தில் எழுதிய வழிகாட்டிகள் எல்லாம், வடக்கு ஜன்னலில் மென்மையான வெளிச்சம் வரும், மேசையை அங்கே போடு என்று சொல்லும். நாம் பூமத்தியரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம், ஆண்டின் பெரும்பகுதி சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. அதனால் நம் ஊரில் மென்மையான வெளிச்சம் தெற்கு ஜன்னலில். படிக்கும் மேசை அங்கே. மேற்கு ஜன்னலுக்கு எதிரே புத்தக முதுகைக் காட்டி வைத்தால் ஒரே கோடையில் சிவப்பு எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும், அங்கே திரைச்சீலை போட்டு நாற்காலி மட்டும் வையுங்கள்.

இப்போது அடுக்குவது. கழித்தபிறகு தட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பியிருக்கும், அப்படியே இருக்கட்டும். நிரப்பியே தீரவேண்டும் என்ற ஆசையை விடுங்கள். மிச்சமிருக்கும் இடத்தில் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு புத்தகத்தை அட்டை தெரிய நிற்க வையுங்கள். முதுகு மட்டும் தெரியும் புத்தகத்தைத் தேடி வருபவர்தான் எடுப்பார், அட்டை தெரிந்தால் சும்மா வந்தவரும் எடுப்பார். கடைக்காரர்களுக்கு இது தெரியும், நூலகக்காரர்கள்தான் மறந்துவிடுகிறோம். நிற்க வைக்கும் தாங்கிகளைக் கம்பியை வளைத்தே செய்யலாம். வாரம் ஒருமுறை அந்தப் புத்தகங்களை மாற்றவேண்டும், மாற்றாவிட்டால் ஒரு மாதத்தில் அவையும் சுவரோடு சுவராகிவிடும்.

உயரமும் முக்கியம். வெறும் தரையில் நிற்கும் சராசரி மனிதருக்குக் கை எட்டாத உயரத்தில் தட்டு கூடாது என்பது ரங்கநாதன் சொன்னதுதான், அவர் பெரியவர்களை மனத்தில் வைத்துச் சொன்னார். பிள்ளைகள் பகுதியில் 1.2 மீட்டருக்கு மேல் எதுவும் வேண்டாம். உயரமான அலமாரிகள் சுவரோரம், குட்டையானவை நடுவில், அப்போதுதான் வாசலில் நிற்கும்போதே அறை முழுவதும் தெரியும். உங்கள் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். வாசலுக்கு நேரே ஒரு இரும்பு அலமாரியின் முதுகு நின்றால் யார் உள்ளே வருவார்கள்?

உயரமானவற்றைச் சுவரோடு எல் வடிவ இரும்புப் பட்டை போட்டு இணைக்க மறக்காதீர்கள். பிள்ளைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். இடைவெளி விட்டு வைத்த அலமாரிக்கும் இது பொருந்தும், பட்டையைக் கொஞ்சம் நீளமாக வாங்கினால் போதும்.

பெயர்ப்பலகை பற்றிச் சுருக்கமாக. எழுத்து 2.5 செ.மீ. உயரம் இருந்தால் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம், தமிழ் எழுத்தில் சுழி அதிகம் என்பதால் அதைவிட இன்னும் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். கையால் எழுதிய பழைய தாள்கள், 'சத்தம் போடாதே', 'பையை வெளியே வை', 'தொடாதே' எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள். அதற்குச் செலவில்லை.

தமிழ் அலமாரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், நம் ஊர் நூலகங்களில் இது தனிக் கதை. வழக்கமாகத் தமிழில் இருக்கும் எல்லாமே ஒரு பீரோவில் இருக்கும். சமையல், சோதிடம், நாவல், நீதிநூல் உரை, பள்ளிப் பரிசாக வந்த வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் கதை, எல்லாம் ஒன்றாக. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூவி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று எண் இருக்கிறது, சமையலுக்கு 641, ஆனால் தமிழ் என்றாலே ஒரே பீரோ என்றாகிவிட்டது. அந்தப் பீரோவைத் திறப்பவர் ஊரில் மூன்று நான்கு பெரியவர்கள் மட்டும். என் யோசனை: பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களை அங்கிருந்து எடுத்துப் பிள்ளைகள் பகுதியில் பிரெஞ்சு, ஆங்கிலக் கதைப் புத்தகங்களோடு கலந்து, அட்டை தெரிய வையுங்கள். பெரியவர்களுக்கானது மட்டும் தனியாக இருக்கட்டும், அவர்கள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில்.

பிள்ளைகளுக்கு எந்தத் தமிழ்ப் புத்தகம் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நம் பிள்ளை வீட்டில் கிரியோல் பேசுகிறது, தொடக்கப் பள்ளியில் தமிழ் எழுத்துக் கற்கிறது. எட்டு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கும், ஆனால் சென்னையில் எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதிய கதையைக் கொடுத்தால் இரண்டாவது வரியிலேயே மூடிவிடும். இதற்கு ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி, பெரிய படம் என்றிருக்கும் புத்தகம் வேண்டும். இதை நீங்கள் வாங்கவே வேண்டாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம், படிக்கும் நிலை வாரியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். எல்லாம் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு, எழுதியவர், வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் போட்டால் போதும். முதல் நிலைக் கதைகளில் இருபதை எடுத்து, வண்ணத்தில் அச்சிட்டு, நடுவில் மடித்து, கொஞ்சம் தடித்த தாளில் அட்டை போட்டுப் பின் அடித்தால் புத்தகம் தயார்.

அதில் ஒரு படி மேலே போகலாம். மொரீசியஸ் பள்ளிகளில் 2012 முதல் கிரியோலும் விருப்பப் பாடமாக இருக்கிறது, அதற்கென்று எழுத்துமுறையும் இருக்கிறது. தமிழ் வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் அதே வரி கிரியோலில் இருந்தால், தமிழ் தெரியாத அம்மாவும் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க முடியும். ஊரில் தமிழ் வாத்தியார் ஒருவர், கிரியோல் நன்றாக எழுதத் தெரிந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, இரண்டு பேர் சேர்ந்தால் போதும். இந்த வேலையைத் தயவுசெய்து செய்யுங்கள். இப்படி ஒரு புத்தகம் கடையில் கிடைப்பது அரிது, ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அளந்து தைத்ததுபோல் இருக்கும்.

பெரியவர்களுக்கு எழுத்தின் அளவுதான் பிரச்சினை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் பழந்தமிழ் நூல்களும் பக்திப் பாடல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கும் சமயத்தில் முருகன் பாடல்களை 18 பாயின்ட் அளவுப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சுருள் கம்பி போட்டு மேசையில் வைத்தால், நூலகப் படியே மிதிக்காத பாட்டிகள் வருவார்கள். நம் ஊரில் தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்தில் பார்த்துப் பாடுகிறவர்களும் உண்டு, அதையும் சங்கடமில்லாமல் பக்கத்திலேயே வையுங்கள்.

நீங்கள் கேட்ட ஓவியத்துக்கு நான் எதிரியல்ல. ஆனால் சுவரில் வேண்டாம், ஈரம் வந்தால் அழிக்கவும் மனம் வராது, வைத்திருக்கவும் முடியாது. பிளைவுட் பலகையில் வரைந்து மாட்டுங்கள், கழற்றி வைத்துச் சுவரைக் கழுவலாம். கம்ப்யூட்டர் இப்போதைக்கு வேண்டாம், கடல் காற்றில் அது சீக்கிரம் கெட்டுப்போகும், பழுதுபார்க்க ஆள் தேடி மாதக்கணக்கில் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும். மண்டபத்தில் ஏற்கெனவே வைஃபை இருந்தால் அது நூலக மேசைவரை எட்டுகிறதா என்று பாருங்கள், மேசையோரம் நாலு பிளக் பாயின்ட் வையுங்கள், பெரிய பிள்ளைகள் போனோடு வந்து உட்காருவார்கள். அது போதும்.

பணத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: சுவர், பெயிண்ட், துரு வேலைக்கு 20,000. விளக்கு, விசிறி, எலக்ட்ரீஷியன் கூலிக்கு 15,000. உட்காருவதற்கும் பிள்ளைகளுக்கான விரிப்புக்கும் 10,000. அச்சு, பெயர்ப்பலகை, தாங்கிகளுக்கு 7,000. மிச்சம் 8,000 தொடாமல் இருக்கட்டும், சுவரைச் சுரண்டும்போது ஏதாவது ஒன்று நிச்சயம் வெளியே வரும். பெயிண்ட் அடிக்க ஊர்ப்பிள்ளைகள் வருவார்கள் என்றால் முதல் கணக்கு இன்னும் குறையும். நாற்காலி, மேசை புதிதாக வாங்கவேண்டாம். கடற்கரை ஹோட்டல்கள் அறைகளைப் புதுப்பிக்கும்போது நல்ல மரச்சாமான்களையே கழிக்கின்றன, ஃபிளாக் கரையில் ஹோட்டலுக்குப் பஞ்சமில்லை. மனிதவளப் பிரிவில் உங்கள் ஊர்க்காரர் யாராவது வேலை பார்ப்பார், அவர் மூலம் கேட்பது கடிதம் எழுதுவதைவிட வேகம். கம்பெனிகள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கவேண்டும் என்ற சட்டம் 2009ல் வந்தது, ஆனால் அந்த நிதியைக் கேட்க அமைப்பு பதிவாகியிருக்கவேண்டும், படிவங்கள் உண்டு, காலம் எடுக்கும். அடுத்த ஆண்டுக்கு அதை வையுங்கள். இப்போது கேட்பதாக இருந்தால் பொருளாகக் கேளுங்கள்: பெயிண்ட் கடையில் இரண்டு வாளி வெள்ளை, மரக்கடையில் மூன்று பலகை. பணம் என்றால் யோசிக்கிறவர் பொருள் என்றால் கொடுத்துவிடுவார்.

திறந்திருக்கும் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். பள்ளி விட்டு டியூஷனுக்குப் போகும் இடைவெளியில்தான் பிள்ளை வர முடியும், அந்த நேரத்தில் கதவு சாத்தியிருந்தால் மேலே சொன்ன எதுவும் பயனில்லை. மாலை ஒரு மணி நேரம் தள்ளிச் சாத்தவும் சனிக்கிழமை காலை திறக்கவும் முடியுமா என்று ஊர் மன்றத்தில் கேளுங்கள், வேலை நேரத்தை மாற்றுவதில் நூலக உதவியாளருக்கும் வசதி இருக்கவேண்டும், அவரை முதலில் கேட்டுவிட்டு.

புயலையும் மனத்தில் வையுங்கள். 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ.யாவது மேலே இருக்கட்டும், இல்லையென்றால் அந்தத் தட்டைக் காலியாக விடுங்கள். இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை அறிவித்ததும் ஜன்னலோரப் புத்தகங்களை உள்சுவருக்கு மாற்றிப் பிளாஸ்டிக் விரிப்பு போர்த்த ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும், அவர் பெயர் கதவுக்குப் பின்னால் எழுதியிருக்கட்டும். நனைந்த புத்தகத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் விசிறிக்கடியில் விரித்துக் காயவையுங்கள், முடியாதவற்றைப் பையில் போட்டு ஃப்ரீசரில் தள்ளிவிட்டால் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். வழவழப்பான தாள் மட்டும் ஒட்டிக்கொண்டால் பிரியாது, அவற்றை முதலில் கவனியுங்கள்.

சுவர் வேலைக்குச் சரியான காலம் செப்டம்பர், அக்டோபர். ஆண்டிலேயே காய்ந்த மாதம் அக்டோபர்தான், நவம்பர் பிறந்தால் புயல் பருவம் தொடங்கிவிடும். கழிப்பதற்கும் பட்டியலுக்கும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் சரியாக இருக்கும். மாவட்ட மன்றத்துக்கான கடிதத்தையும் கூரைப் படங்களையும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், அவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் அதிக நாள் ஆகும்.